அவளுக்குக் கிடைத்த மூச்சு

ஆறாம் வகுப்பில் எங்கள் பிரிவில் இழுப்புக்காரிகள் இரண்டே பேர். நான் ஒருத்தி, அவள் ஒருத்தி. விளையாட்டு பீரியடில் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும்போது நாங்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சிமெண்டுப் படியில் உட்கார்ந்துகொள்வோம். டிரில் டீச்சர் எங்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அணி பிரிக்கும்போது ஆள் குறைந்தால்கூட எங்கள் பக்கம் கண்ணை ஓட்டிவிட்டு, பக்கத்து வகுப்பிலிருந்து யாரையாவது கூட்டிவரச் சொல்வார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குத் தபாலாபீசில் கிளார்க் வேலை. அவள் வீடு காஜிமார் தெருப் பக்கம். அவள் தன் அப்பாவை அத்தா என்பாள். அவர் கைலியும் துண்டும் விற்கும் கடை வைத்திருந்தார். அவள் வீட்டுக்கு நானோ என் வீட்டுக்கு அவளோ போனதில்லை. பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் சிநேகம். அதுவும் பெரும்பாலும் அந்தப் படியில்தான்.

படியில் உட்கார்ந்து நாங்கள் பேசியது முழுக்க இழுப்பைப் பற்றித்தான். யாருக்கு எப்போது வந்தது, எத்தனை நேரம் இருந்தது, எந்த டாக்டர் ஊசி போட்டார், போட்டதும் நெஞ்சு எப்படிப் படபடத்தது. ஒருத்தி முதுகில் ஒருத்தி காதை வைத்துக் கேட்போம். அவள் முதுகுக்குள் பூனைக்குட்டிகள் கத்தும். என் முதுகுக்குள் எண்ணெய் போடாத கதவு திறக்கிற சத்தம் என்பாள். நான் ராத்திரி முழுக்கத் தலையணையில் சாய்ந்தே இருந்தேன் என்று சொன்னால், அவள் தன் உதடு நீலமாகிவிட்டதாகச் சொல்வாள். அது பொய்யில்லை, மறுநாள்கூட அவள் உதட்டில் ஒரு சாம்பல் நிறம் இருக்கும். நோயில்கூட அவளுக்குத்தான் முதல் ரேங்க். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே படியில் இருந்தோம்.

கார்த்திகை மாதத்து அடைமழையில் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. மழை விட்டும் வரவில்லை. அவள் தெருவிலிருந்து வரும் ஒரு பிள்ளைதான் சேதி சொன்னாள். இழுப்பு நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மூக்கில் குழாய் வைத்து காற்றுக் கொடுக்கிறார்கள், அவள் அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்கிறார். நான் பார்க்கப் போகிறேன் என்றதற்கு, ஈரக்காற்றில் போய் நீயும் படுத்துக்கொள்ளவா என்று என் அம்மா விடவில்லை. அவள் செத்துப்போய்விடுவாளோ என்று பயந்தேன். அடுத்தது நான்தானோ என்றும் பயந்தேன்.

அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் வந்தாள். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒட்டிக்கிடந்த கன்னம் உப்பி, முகம் வட்டமாகி, கண் சின்னதாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் சதை போட்டால் அழகு என்றுதான் பேச்சு. தமிழ் டீச்சர் அவள் கன்னத்தைக் கிள்ளி, ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று சிரித்தார். நான் வழக்கம்போல் அவள் முதுகில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. காற்று போவதும் வருவதும் மட்டும் கேட்டது. அப்படி ஒரு முதுகை நான் அதுவரை கேட்டதில்லை.

“எங்கடி போச்சு?” என்றேன்.

“மாத்திரை குடுத்தாங்க. சின்ன மாத்திரைதான். கசக்கும்” என்றாள்.

அன்று விளையாட்டு பீரியடில் நான் படியில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னோடு வந்தாள், படியில் காலை வைத்தாள், பிறகு மைதானத்தைப் பார்த்தாள். “இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோ-கோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் புகுந்து ஓடினாள். மூன்று நான்கு சுற்று ஓடியும் நிற்கவில்லை, குனிந்து முட்டியைப் பிடிக்கவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை. டிரில் டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் திரும்பி வரவே இல்லை. அதாவது, அந்தப் படிக்கு.

பொறாமை என்றால் மனதில் ஏதோ எரியும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. எனக்கு அது நெஞ்சிலேயே, இழுப்பு வரும் அதே இடத்திலேயே இருந்தது. அவள் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு முட்டும். என் பங்கையும் சேர்த்து அவள் இழுத்துக்கொள்வதுபோல் இருக்கும். புத்தகத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டு பார்க்காமலிருக்க முயல்வேன். முடியாது. அவள் தாவணி போடாத வயசு, பச்சைப் பாவாடை. மைதானத்தில் அந்தப் பச்சை எங்கே போகிறதோ அங்கே என் கண்ணும் போகும்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக அவளுக்குக் கிடைத்துக்கொண்டே போனது. பசி கிடைத்தது. கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு மற்றவர்கள் டிபன் பாக்ஸிலும் கை வைப்பாள். வாசலில் அவித்த சீனிக்கிழங்கு விற்கும் அம்மாவிடம் கடன் சொல்லி வாங்கித் தின்பாள். பேச்சு கிடைத்தது. முன்பெல்லாம் நான்கு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்துகிறவள், இப்போது டீச்சர் உள்ளே வந்தது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் விடையைச் சொன்னாள். ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்கு ராணி வேஷம் கொடுத்தார்கள். எனக்குப் பூத்தட்டு ஏந்தி நிற்கும் தோழி வேஷம். எனக்கு வசனம் கிடையாது. நீளமாகப் பேச வேண்டியதை எனக்குக் கொடுத்தால் நடுவில் இழுத்துக்கொள்ளும் என்று தமிழ் டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் இரக்கமாகத்தான் சொன்னார்.

வீட்டில் நான் ஆரம்பித்தேன். அவளைப் பார்த்த டாக்டரிடம் என்னையும் காட்டு என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன். எனக்கும் அந்த மாத்திரை வேண்டும், அவளுக்கு மட்டும் எதற்கு, நான் மட்டும் என்ன என்று சாப்பிடாமல் அடம் பிடித்தேன். அப்பாவுக்கு நான் கேட்டு வாங்கிக்கொடுக்காமல் இருந்து பழக்கமில்லை. ஒரு சனிக்கிழமை ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் வயதானவர். நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்தார், ஊதச் சொன்னார், நகத்தைப் பார்த்தார். அப்பா, என் சிநேகிதியின் அத்தா பெயரைச் சொல்லி, அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததையே என் மகளுக்கும் கொடுங்கள் என்று கேட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அது ஸ்டீராய்டு சார். அந்தப் பொண்ணு சாகக் கெடந்துச்சு. வேற வழியில்லாம குடுத்தேன். குடுத்துட்டு நானே பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க பொண்ணுக்கு அது தேவையில்ல.”

எதற்குப் பயம் என்று அப்பா கேட்டார். முகம் ஊதும், வளர்த்தி குறையும், எலும்பு இளகும், சில பிள்ளைகளுக்கு அது மூளையிலும் போய் வேலை காட்டும் என்று டாக்டர் சொன்னார். எந்தப் பிள்ளைக்குக் காட்டும், எப்போது காட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். இதெல்லாம் அப்பா பின்னால் வீட்டில் அம்மாவிடம் சொல்லும்போது கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தபோது என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. எனக்குக் கொடுக்க மாட்டார். செத்துப் பிழைத்தவளுக்குத்தான் கொடுப்பார். நான் போதுமான அளவுக்குச் சாகவில்லை.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அழுதேன். அழுதால் இழுக்கும். இழுத்தது. அப்பா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

தை முடிந்து மாசி பிறந்த சமயம், அவளிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனித்தது நானாகத்தான் இருக்கும். அவளை அந்த அளவுக்கு வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லையே.

உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. டெஸ்க் முழுக்க அதிரும். பேனா பிடித்த கை நடுங்கி, அழகாக எழுதுகிறவள் எழுத்து கோழி கிளறின மாதிரி ஆனது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுவாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால், அழவில்லையே என்று கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். வீட்டில் அவள் தூங்குவதே இல்லை, விடிய விடிய நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறாள் என்று அவள் தெருப்பிள்ளை சொன்னாள். எனக்கு அதுவும் பொறாமையாக இருந்தது. நானும்தான் ராத்திரி தூங்குவதில்லை. ஆனால் நான் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு விழித்திருந்தேன், அவள் சும்மா விழித்திருந்தாள்.

ஒரு நாள் கணக்கு டீச்சர் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். எளிய கணக்கு. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். என்ன என்று டீச்சர் அதட்டியதும் திரும்பினாள்.

“எழுத்தெல்லாம் ஊருது டீச்சர். கட்டெறும்பு மாதிரி. புடிச்சு நிறுத்த முடியல.”

வகுப்பு சிரித்தது. சேட்டை என்று நினைத்து டீச்சர் அவளை வெளியே நிறுத்தினார். வராந்தாவில் அவள் நிற்கவில்லை, இங்குமங்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் அந்த வட்ட முகம் வருவதும் போவதுமாக இருந்தது.

அடுத்த வாரம் நாடக ஒத்திகை. ஹாலில் எல்லோரும் இருந்தோம். அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டிய கிரீடம் அவள் தலையில். நான் தட்டோடு அவள் பக்கத்தில். நாடகம் முழுவதும் எல்லார் வசனமும் அவளுக்கு மனப்பாடம் என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது. அன்று முதல் வரி வரவில்லை. தமிழ் டீச்சர் எடுத்துக்கொடுத்தார். சொன்னாள். அடுத்த வரி வரவில்லை. மறுபடி எடுத்துக்கொடுத்தார். அவள் டீச்சரைப் பார்க்காமல் மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்து, சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கள் என்றாள். யார் சத்தம் போடுகிறார்கள் என்று டீச்சர் கேட்டார். அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னைத் தெரிந்ததாகவே இல்லை.

“இவதான்” என்றாள். “இவ என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. எந்நேரமும் பாக்குறா. எனக்கு வந்த மூச்ச இவ உருவப் பாக்குறா டீச்சர்.”

கிரீடத்தைப் பிய்த்து எறிந்தாள். என் தட்டைத் தட்டிவிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்துச் சுவரோடு சாய்த்தாள். அவள் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டீச்சர்கள் ஓடிவந்து பிரித்தார்கள். எனக்கு அடி ஒன்றும் படவில்லை. எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, பாவம், அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, கண்டதையும் உளறுகிறாள், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார்கள். நான் தலையாட்டினேன். அன்றைக்கு அவள் பேசியதிலேயே உளறல் இல்லாதது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய அத்தா வந்து கூட்டிக்கொண்டு போனார். நன்றாக இருந்த பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று மதிய உணவு ஆயாவிலிருந்து வாத்தியார்கள் வரை பேசினார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார், அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே, “யார் கண்ணு பட்டுச்சோ, அம்புட்டு நல்லா ஓடியாடித் திரிஞ்ச புள்ள” என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். யார் கண் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து கொஞ்ச நாள் யாரையும் நேராகப் பார்க்காமல் நடந்தேன். தம்பி விளையாடினால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பயம் ஒரு பக்கம். என் கண்ணுக்கு இவ்வளவு வலுவா என்ற எண்ணம் இன்னொரு பக்கம். பதினொரு வயதில் எனக்கென்று இருந்த ஒரே பலம் அதுதான்.

அது உண்மையில்லை என்று தெரிந்தது அவள் வீட்டுக்குப் போனபோதுதான். அவள் என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள், ஒரு தடவை கூட்டி வரலாமா என்று அவள் அம்மா ஆள் விட்டுக் கேட்டிருந்தார். என் அம்மா யோசித்துவிட்டு, பழம் வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூட்டிப் போனார்.

அவள் உள்ளறையில் கட்டிலில் இருந்தாள். ஜன்னலைத் துணியால் மூடியிருந்தார்கள், வெளிச்சம் அவளுக்கு ஆகவில்லை. முகம் இன்னும் பெரிதாகியிருந்தது. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும், நான் பயந்தபடி அவள் கத்தவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் இருந்த மாத்திரைப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

“உனக்குத்தான வேணும். எடுத்துக்க.”

என் கை நீண்டது. அவள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, அவள் கை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியும் என் கை நீண்டது. எனக்கு அன்று காலையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அம்மா இடையில் வந்து புட்டியை வாங்கி அலமாரியில் மேல்தட்டில் வைத்தார்.

பிறகு அவர் என் அம்மாவிடம் பேசினார். கண் பட்டதும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லையாம். பள்ளிவாசலில் ஓதி ஊதிப் பார்த்து, தாயத்துக் கட்டிப் பார்த்து, கடைசியில் அதே டாக்டரிடம் போயிருக்கிறார்கள். நெஞ்சைத் திறந்த மருந்துதான் தலையைக் கெடுத்திருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

“அப்ப நிப்பாட்டிர வேண்டியதுதானக்கா” என்றார் அம்மா.

“ஒரேயடியா நிப்பாட்டுனா உசுருக்கே ஆபத்தாம். ஒடம்பு அதுக்குப் பழகிருச்சாம். அரையாக்கி, காலாக்கி, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணுமாம். கொறைக்கக் கொறைக்க இழுப்பு வந்தாலும் வரும்னு சொல்றாரு.” அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் நெஞ்சுச் சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. “ஒன் மகளப் பாக்கப் பொறாமையா இருக்கும்மா எனக்கு. இழுத்தாலும் அவ அவளாவே இருக்கா.”

என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டதாகச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாவாடை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். கட்டிலில் அவள், அந்த மணி தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எழுந்து உட்கார்ந்தாள்.

வீடு திரும்பும் வழியில் என் கண்ணால் இல்லை, மாத்திரையால்தான் என்பது நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

மாத்திரையைக் குறைக்கக் குறைக்க அவள் தெளிந்தாள். முதலில் தூக்கம் வந்தது, ஒரு வாரம் தூங்கிக்கொண்டே இருந்தாளாம். பிறகு சத்தங்கள் நின்றன. பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தாளாம், அது எல்லாவற்றையும்விட மோசம் என்று அவள் அம்மா சொன்னார். ஆண்டு விழாவில் வேறு பிள்ளை ராணியானாள். முழுப்பரீட்சைக்கு அவள் வரவில்லை, ஆனாலும் ஏழாம் வகுப்புக்குத் தூக்கிவிட்டார்கள். ஆனி மாதம் பள்ளி திறந்து வந்தவள் பழைய முகத்தோடு வந்தாள், மெலிந்து, மெதுவாக. கணக்கில் தடுமாறினாள். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் சொல்லிக்கொடுப்பேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்.

விளையாட்டு பீரியடில் அவள் படிக்கு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. அது காதில் விழுந்ததும் என் நெஞ்சு ஆறியது. ஆறியது என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை. என்னைச் சுவரோடு சாய்த்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மைதானத்தைப் பார்த்தபடி, “என்ன இருந்தாலும் ஓடுனேன்ல” என்றாள்.

ஆறின நெஞ்சு மறுபடி பிடித்துக்கொண்டது. எல்லாம் அவளிடமிருந்து போன பிறகும் அது ஒன்று அவளிடம் இருந்தது. அவள் ஓடியிருக்கிறாள். நான் ஓடியதில்லை. இனி அவள் எத்தனை இழுத்தாலும் அதை அவளிடமிருந்து எடுக்க முடியாது.

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் அவளை எழுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் கல்லூரி போனேன், பாங்கில் வேலை கிடைத்தது, கல்யாணமாகி ஆனையூருக்குக் குடிபோனோம். என் இழுப்பும் கூடவே வந்தது. எண்பதுகளின் கடைசியில், எங்களோடு படித்த ஒருத்தி தங்கைக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் யாரோ என் முதுகில் காதை வைத்தார்கள். திடுக்கிட்டுத் திரும்பினால் அவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், நல்ல நிறப் புடவை, நெற்றி வரை முக்காடு.

மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்து பேசினோம். எனக்கு அப்போது உறிஞ்சும் மருந்து வந்துவிட்டது. மருந்துத் தூள் அடைத்த கேப்சூலை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் போட்டுத் திருகி, வாயில் வைத்து இழுக்க வேண்டும். அதை எடுத்து அவள் கையில் கொடுத்துக் காட்டினேன். அதிலேயே ஸ்டீராய்டு போட்டதும் இருக்கிறது, நேராக நெஞ்சுக்கே போவதால் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும், தலைக்கு ஏறும் ஆபத்து ரொம்பக் குறைவு என்று என் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். ஸ்டீராய்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் கூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் அது திரும்பி வந்துவிட்டதோ என்று பயந்து வீட்டுக்காரரை எழுப்பிவிடுவாளாம். அவர் எழுந்து காபி போட்டுக் கொடுத்து, விடியும்வரை கடைக்கதை பேசிக்கொண்டிருப்பாராம்.

“ஆனா நீ ஓடுனல்ல” என்றேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

“அதப் போயி நெனச்சுக்கிட்டா இருந்த? நிக்க முடியாமத்தான்டி ஓடுனேன். ஒடம்புக்குள்ள ஏதோ பிறாண்டும். நின்னா செத்துருவேன்னு தோணும். படியில நீ உக்காந்திருக்கது தெரியும். ஓடிவந்து பக்கத்துல உக்காரணும்னு இருக்கும். கால் விடாது.”

அப்புறம் ஏன் அன்றைக்கு ஓடினேன்ல என்று பெருமையாகச் சொன்னாய் என்று கேட்டேன். பெருமையாகவா சொன்னேன் என்று அவளே யோசித்தாள். இருக்கலாம் என்றாள். வேறு என்னத்தைச் சொல்வது, அத்தனை மாசத்தில் சொல்கிற மாதிரி வேறு ஒன்றும் இல்லையே என்றாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எழுந்தவள், கேட்கலாமா வேண்டாமா என்று நின்று, கடைசியில் என் டாக்டர் எங்கே பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டு போனாள்.

சில மாதம் கழித்து ஆனையூர் வீட்டுக்கே வந்தாள். டாக்டரைப் பார்த்திருக்கிறாள். பயந்து பயந்துதான் உறிஞ்சும் மருந்தை ஆரம்பித்தாளாம், தூக்கம் கெடவில்லை, கை நடுங்கவில்லை, இழுப்பும் அடங்கியிருக்கிறது. சவுதியில் இருக்கும் அவள் அண்ணன் வரும்போது அந்த மருந்தையே வாங்கி வந்திருந்தார். என்னுடையது மாதிரி கேப்சூல் போட்டுத் திருகும் ஜோலியெல்லாம் இல்லை. சின்னதாக, அழகாக, ஒரு அமுக்கு அமுக்கினால் புஸ்ஸென்று வந்தது. பைக்குள்ளிருந்து எடுத்து இரண்டு முறை அடித்துக் காட்டினாள். நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“எனக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லேண்டி ஒங்கண்ணன” என்றேன்.

“சொல்லிட்டேன். அடுத்த தடவ வரும்போது” என்றாள்.

அடுத்த தடவை என்பது ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.